கோமளா மாமியின் முன்பல்

வடபழனி டப்பிங் தியேட்டர்களில் போய், வாயைக் கட்டிப்போட்ட பெண்ணுக்கு யார் குரல் கொடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஷாகிரா பெயரைத்தான் சொல்வார்கள். அழுவதற்கு ஆள் கிடைக்கும், சிரிப்பதற்குக் கிடைக்கும், குழந்தை மாதிரி மழலை பேச நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். ஆனால் வாயில் துணியை அடைத்து நாற்காலியில் கட்டிவைத்த ஒருத்தி உள்ளுக்குள்ளேயே கத்துவது இருக்கிறதே, அது லேசுப்பட்ட காரியம் இல்லை. மற்றவர்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு முனகுவார்கள். கேட்பவனுக்குச் சளி பிடித்தவள் மாதிரி இருக்கும். ஷாகிரா அப்படிச் செய்ய மாட்டாள். கைக்குட்டையைக் கயிறுபோல முறுக்கி, முன்பற்களுக்கு நடுவே கொடுத்து இறுக்கிக் கடித்து, இரண்டு முனைகளையும் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்துவாள். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் டீ குடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அவள் தொழிலுக்கு வந்ததே அப்படித்தான். கணவர் குலாம் முகம்மது சினிமாக் கம்பெனிகளுக்கு உடை தைக்கும் டெய்லர். கல்யாணமான புதிதில் ஒருநாள், கூட்டத்தில் அலறுவதற்குப் பெண்கள் போதவில்லை என்று பெண்டாட்டியையும் கூட்டிப்போனார். அலறி முடித்தபின், கடத்தப்பட்ட பெண்ணுக்கு முனக ஆள் வரவில்லை என்று தெரிந்தது. ஷாகிரா இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேலை இல்லாத வாரம் கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தினமும் சாயங்காலம் வரும் ஒரு சீரியலில் கோமளா மாமி என்று ஒரு மயிலாப்பூர் மாமியார். நடிப்பவர் பெங்களூர்க்காரர், தமிழில் அவருக்குத் தெரிந்தது வணக்கம் மட்டும்தான். குரல் ஷாகிராவுடையது. "ஏன்னா, ஆத்துல பால் இல்லைன்னு காலங்கார்த்தால சொன்னேனோல்லியோ" என்று அவள் ஆரம்பித்தால், மாட வீதியில் நாலு தலைமுறையாக இருப்பவர்கள்கூட, நம்ம பக்கத்து வீட்டுக்காரிதான் என்று சத்தியம் செய்வார்கள். ஷாகிராவின் அப்பா ஷரஃபுதீன் பஞ்சு அடித்து மெத்தை தைப்பவர். பள்ளி விடுமுறைகளில் மகளையும் மயிலாப்பூர் வீடுகளுக்குக் கூட்டிப்போவார். அவர் முற்றத்தில் பஞ்சு பறக்க உட்கார்ந்திருப்பார்; இவள் மாமிகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதே ராகத்தில் பேசிக் காட்டி அடி வாங்குவாள். அவர்கள் வீட்டில் உருதுதான். சாப்பாடு, சண்டை, சினிமா இந்த மூன்றுக்கு மட்டும் தமிழ்.

குலாம் முகம்மது சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்பார். தையல் மெஷினில் குனிந்தபடியே கேட்டு, "இன்னிக்கு நீ மத்தியானம் சாப்பிடாம பேசிகினு இருந்தே, குரல்ல தெரியுது" என்பார். சளி பிடித்திருந்தால் சொல்லுவார். யாரோடாவது மனஸ்தாபம் ஆகி, அதை மறைத்துக்கொண்டு பேசியிருந்தால் அதையும் சொல்லுவார். ஒருநாளும் தப்பியதில்லை. உலகத்தில் தன்னால் ஏமாற்ற முடியாத ஒரே மனுஷன் இவர்தான் என்று ஷாகிரா நினைப்பாள். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இவ்வளவும் இருந்தது. போன மழைக்காலத்தில் ஆற்காடு சாலையில், மெட்ரோவுக்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்றில் அவள் வந்த ஆட்டோ இறங்கியது. முகம் முன்கம்பியில் மோதியது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு போயிற்று.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு. மற்றவர்களுக்கு அது பழமொழி, அவளுக்குப் பிழைப்பு. 'சாமி' என்றால் காற்று விசிலடித்தது. கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்து போட்டார்கள். அதன் பிளாஸ்டிக் தகடு அண்ணத்தை மூடிக்கொள்ளவே, வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கொழகொழவென்று இருந்தது. சீரியலில் மூன்று நாள் எப்படியோ சமாளித்தாள். நாலாவது நாள் டப்பிங் பொறுப்பாளர் ஜவஹர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சேனல்ல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. மாமி குரல் ஏன் மாறிடுச்சுன்னு."

"இம்ப்ளான்ட் வைக்கப் போறேன் ஜவஹர். ஸ்க்ரூ மாதிரி எலும்புலயே வச்சுடுவாங்களாம். அப்புறம் பழைய குரல் வந்துடும்."

"எத்தினி நாள்?"

"மூணு நாலு மாசம்."

ஜவஹர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ரொம்ப அக்கறையாக, ஒரு நல்ல வழி இருக்கிறது என்றார். அவர்களிடம் குரலைக் கேட்டுப் படித்துக்கொள்ளும் மெஷின் ஒன்று வந்திருக்கிறது. பழைய எபிசோடுகளில் அவள் குரல் இருக்கிறது; கழற்றி மாட்டும் பல்லோடு கொஞ்சம் புதிதாகவும் பேசிக் கொடுத்தால் போதும். எங்கேயாவது ஒரு சொல் கொழகொழத்தால் மெஷின் அதை மட்டும் சரிசெய்துவிடும். ஷாகிராவுக்கு மனம் நெகிழ்ந்தது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அவர் கொடுத்த பக்கங்களை எல்லாம் வாசித்தாள். கோபமாக, அழுதபடி, சிரித்தபடி, தூக்கக் கலக்கத்தில், கடைசியாக ரகசியக் குரலில். என்னைக் கைவிடாத மனுஷன் என்று வீட்டில் வந்து சொன்னாள். குலாம் முகம்மது நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "அவ்ளோ நேரம் இன்னாத்துக்கு?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் நீரஜாவின் கிளினிக் கோபாலபுரத்தில், பழைய பங்களா ஒன்றின் முன்னறையில் இருந்தது. தெருவில் பள்ளிக்கூடம் விடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஒரே அமைதி. அந்த அமைதி ஷாகிராவுக்குப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லாத இடம் என்றால் அவளுக்கு மைக் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்; ஏதோ ஒன்று நம்மைப் பதிவுசெய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நீரஜா சின்னக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு திருகாணி. நெல்லைவிடக் கொஞ்சம் பெரிது. பளபளப்பே இல்லை.

"இதுவா டாக்டர்? பழசு மாதிரி கீது."

"சொரசொரப்பா இருக்கறதுதான் இதோட நல்ல குணம். வழவழன்னு இருக்கிற சுவத்துல பூச்சு நிக்குமா? கொத்திவிட்டுத்தானே பூசுவாங்க. அது மாதிரி. சொரசொரப்பா இருந்தா ரத்தம் அதுமேல ஏறி ஒட்டிக்கும், எலும்பு கால் வைக்க இடம் கிடைக்கும். அதுக்கு மேல இன்னொரு பூச்சும் இருக்கு. எலும்புல இருக்கற அதே சுண்ணாம்புச் சத்து. எலும்பு வந்து தொட்டுப் பாத்து, நம்ம ஆளுதான்னு நெனச்சுக்கும். நெனச்சுக்கிட்டு இதைச் சுத்தி வளர்ந்துடும்."

ஷாகிரா தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். நீரஜா குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டார். விரல் எண்ணெய் பட்டால் போதும், பூச்சு வீணாகிவிடும் என்றார்.

"அப்போ இதுவும் டப்பிங்தான் டாக்டர்."

"என்னது?"

"பெங்களூர் அம்மா வாயசைக்கிறாங்க, குரல் என்னுது. ஜனங்க நம்ம மாமின்னு நம்புறாங்க. நீங்க இரும்புக்கு எலும்போட குரல் குடுத்துக்கீறீங்க."

நீரஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியதை ஷாகிரா கவனித்தாள். "டைட்டானியம், இரும்பு இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளுங்க. இப்ப நான் முறுக்கி வைக்கும்போது இறுக்கமா நிக்கும். அது பழைய எலும்பு பிடிச்சிருக்கற பிடி. கொஞ்ச நாள்ல அந்தப் பிடி தளரும். புது எலும்பு அதுக்குள்ள முழுசா வந்திருக்காது. மூணாவது வாரம், நாலாவது வாரம், அதுதான் மோசமான நேரம். அப்போ வலி இருக்காது, வீக்கம் இருக்காது, எல்லாம் சரியாப் போச்சுன்னு தோணும். ஆனா அப்பதான் அது ரொம்பத் தளர்ந்து நிக்கும். மயிரிழை ஆடினாலும் எலும்பு பின்வாங்கிடும்."

"பேசலாமா?"

"தாராளமாப் பேசுங்க. கடிக்கக் கூடாது. முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாது."

இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? ஷாகிரா ஒரு வார்த்தை மீறவில்லை. திருகாணி வைத்த நாளிலிருந்து கஞ்சி, குழைந்த சாதம், மிக்ஸியில் அடித்த கீரை. பக்ரீத்துக்கு வந்த கறியைக்கூடத் தொடவில்லை. பக்கத்து வீட்டு லாவண்யா கொண்டுவந்த கொய்யாவை வாசனை பார்த்துவிட்டு வைத்தாள். ஈறிலிருந்து எட்டிப் பார்த்த சின்ன உலோக மூடியை நாக்குகூடத் தொடாமல் பார்த்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் வலி போயிற்று. வீக்கம் வடிந்தது. மூன்றாவது வாரம் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் நீரஜா முன்கூட்டியே சந்தேகப்பட்டிருந்தார்.

அந்த வாரம்தான் ஜவஹர் போன் செய்தார். படம் ஒன்று. கதாநாயகியின் அம்மாவைக் கடத்தி ஒரு பழைய கிடங்கில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். "வசனமே கிடையாது அக்கா. வாயில துணி. வெறும் முனகல்தான். பல்லே தேவையில்ல. நீங்க வந்தா ஒரே டேக்."

வேலை குறைந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். வசனம் இல்லை, 'ஸ'வும் இல்லை 'ஷ'வும் இல்லை. ஷாகிரா போனாள். தகட்டுப் பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டாள். ஹெட்போனை மாட்டினாள். திரையில் அந்த அம்மாவின் கண்கள் பிதுங்கின. ஷாகிராவின் கை இடுப்புக்குப் போய், கைக்குட்டையை எடுத்து முறுக்கிப் பற்களுக்கு நடுவே கொடுத்தது. முப்பது வருஷப் பழக்கம். கை அவளைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. கடித்தல் என்றால் அவளுக்குச் சாப்பாடு. இது கடித்தல் இல்லை, இது குரல். இந்த ஊரில் ஆயிரம் பேருக்கு அந்தத் திருகாணியை வைத்து அனுப்பியிருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். இவளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு வேலையே கிடையாது.

ஒரே டேக் போதவில்லை. இயக்குநருக்குப் பிடித்துப்போய் இன்னும் இன்னும் கேட்டார். ஷாகிரா இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எங்கேயும் வலிக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. சீரியலில் மாமிக்கு இப்போது எப்போதாவது நாலு வரிதான்; அதற்கு அவளைக் கூப்பிட்டார்கள். அன்று ரெக்கார்டிங்கில் சாய்சரண். காது கூர்மையான இஞ்சினியர். பக்கத்து அறையில் பல்லி கத்தினாலும் சொல்லிவிடுவான். பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, வளையல் போட்டிருக்கீங்களா? டிக்குனு ஒரு சத்தம் வருது."

வளையலைக் கழற்றி வைத்தாள். மறுபடியும் டிக். கம்மலைக் கழற்றினாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். தகட்டுப் பல்லையே கழற்றினாள். மறுபடியும் டிக். சாய்சரண் அவள் குரலை மட்டும் பிரித்து, மெதுவாக ஓட்டி, சத்தத்தைக் கூட்டி ஹெட்போனில் கேட்கவிட்டான். ஒவ்வொரு தடவையும் நாக்கு மேலே போய்ப் பல்லைத் தொடும் எழுத்துக்குப் பின்னால் அது வந்தது. 'த' என்றால் டிக். 'ந' என்றால் டிக். அவள் மண்டைக்குள்ளேயே யாரோ நகத்தால் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

"ஏசி சத்தமா இருக்கும்," என்றாள்.

"இல்லக்கா," என்றான் சாய்சரண். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வடபழனியிலிருந்து நேராகக் கோபாலபுரத்துக்கு ஆட்டோ பிடித்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். யா அல்லாஹ், மூடி மட்டும் தளர்ந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள்.

நீரஜாவும் முதலில் அதைத்தான் சொன்னார். "மேல இருக்கற மூடி லூஸாகியிருக்கும். சில சமயம் ஆகும். முறுக்கிவிட்டாப் போதும்." சின்னத் திருப்புளியை வைத்து மெல்லத் திருகினார். மூடி இறுகியது. அதற்கு மேலும், அடியில் இருந்த திருகாணியோடு சேர்ந்து திரும்பியது. நீரஜாவின் கை நின்றது.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட வலிக்கல." இதைச் சொன்னால் டாக்டர் சந்தோஷப்படுவார் என்று ஷாகிரா நினைத்தாள். நீரஜா விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். எலும்பு பிடித்திருந்தால் அது திரும்பாது. திருப்ப முயன்றால் உயிர் போகும் வலி வரும். வலிக்காமல் திரும்புகிறது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். திருகாணியைச் சுற்றி, பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு கறுப்பு.

பிடுங்குவதற்குப் பெரிய கருவிகூடத் தேவைப்படவில்லை. விரலாலேயே வந்துவிட்டது. அதைச் சுற்றி மெல்லிய சதை ஒட்டியிருந்தது. ஷாகிரா பார்க்க வேண்டும் என்றாள். தட்டில் வைத்துக் காட்டினார். இப்போது தொட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

"அந்தப் பூச்சு இன்னா ஆச்சு டாக்டர்?"

"பூச்சு அது வேலையைச் செஞ்சுதும்மா. எலும்பை நம்ப வச்சுது. எலும்பும் வரத்தான் செஞ்சிருக்கும். வர்ற நேரத்துல இது ஆடியிருக்கு. ஆடற இடத்துல எலும்பு குடியிருக்காது, சதைதான் வரும். நீங்க எதையாவது கடிச்சீங்களா?"

"இல்ல. கஞ்சிதான் குடிச்சேன். கொய்யாகூட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவள் கை தானாக இடுப்புக்குப் போயிருந்தது. அங்கே கைக்குட்டை இருந்தது. அதை எடுத்து, முறுக்கி, நீரஜாவிடம் காட்டினாள். நீரஜாவுக்கு முதலில் புரியவில்லை. ஷாகிரா சொல்லச் சொல்ல அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் சாப்பாட்டை மட்டும் நெனச்சுச் சொல்லிட்டேன்," என்றார். குற்றம் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஷாகிராவுக்குத் தோன்றியது. தவளை தன் வாயால் கெடும். முப்பது வருஷம் சோறு போட்ட அதே வித்தை, வட்டியும் முதலுமாக எடுத்துக்கொண்டுவிட்டது.

இருந்த எலும்பிலும் கொஞ்சம் போயிருந்தது. முதலில் அங்கே எலும்புத் தூள் வைத்து அது தேற வேண்டும், பிறகு புது ஆணி, பிறகு மறுபடி காத்திருப்பு. வருஷம் போய்விடும் என்றார் நீரஜா. ஈறு ஆறும் வரை தகட்டுப் பல்லும் போடக் கூடாது.

ஷாகிரா வீட்டுக்கு வந்து ஜவஹருக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு 'ச'வுக்கும் காற்று சீறியது. அவர் திட்டவில்லை, சலித்துக்கொள்ளவில்லை, வேறு யாரையாவது போட வேண்டியிருக்கும் என்றும் சொல்லவில்லை. ஷாகிரா போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா," என்றார் ஜவஹர் நிதானமாக. "உடம்பு முக்கியம். நாங்க பாத்துக்கறோம்."

"யாரைப் போடப் போறே?"

"யாரையும் போடலக்கா. உங்க இடத்துல யாரைப் போட முடியும்?"

அந்த வாரம் அவள் டிவி பக்கமே போகவில்லை. சீரியல் நேரத்துக்குச் சமையலறையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். லாவண்யா மாடிப்படியில் பார்த்து, "அக்கா, நேத்து கோயில் சீன்ல அழ வச்சுட்டீங்க," என்றாள். பழைய எபிசோடாக இருக்கும் என்று ஷாகிரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுஒளிபரப்பு போடுவார்கள். போடத்தானே வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் குலாம் முகம்மது ஒரு ஜரிகை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். டிவியில் கோமளா மாமி பேச ஆரம்பித்தாள். ஷாகிரா கரண்டியை வைத்துவிட்டு நின்றாள்.

"ஸ்வாமி சாட்சியாச் சொல்றேண்டா. நான் எங்கயும் போகலை. எப்பவும் இந்தாத்துலதான் இருப்பேன். என்னை யாரும் இங்கேர்ந்து அனுப்ப முடியாது."

'ஸ்வாமி' கண்ணாடி மாதிரி விழுந்தது. 'சாட்சி'யில் காற்று இல்லை. மூச்சு வாங்குவதற்கு முன்னால் அவள் எப்போதும் விடும் அந்தச் சின்ன இடைவெளி இருந்தது. கடைசிச் சொல்லில் குரல் லேசாக உடைந்தது. அது அவள் உடைக்கிற மாதிரியே உடைந்தது. இந்த வசனத்தை அவள் வாழ்நாளில் பேசியதில்லை. ஒரு சொல்லைச் சரிசெய்ய என்று அவள் கொடுத்த அந்த மத்தியானத்திலிருந்து ஒரு முழு மாமி முளைத்து வந்திருந்தாள்.

குலாம் முகம்மதுவின் கை நின்றிருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், முப்பது வருஷமாகக் கேட்கிற அதே சாய்ப்பில். ஷாகிராவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இந்த மனுஷனை ஏமாற்ற முடியாது. இப்போது சொல்லுவார், இது நீ இல்லை என்று. அவர் வாயிலிருந்து அது ஒன்று வந்தால் போதும் என்று சமையலறை வாசலிலேயே நின்றாள்.

வசனம் முடிந்தது. குலாம் முகம்மது ஊசியை மறுபடி துணியில் இறக்கினார்.

"இது பல்லு போறதுக்கு முன்னாடி பேசினதா?" என்றார் திரும்பாமலே. "ரொம்ப நல்லா கீது. பசி இல்ல, சளி இல்ல, மனசுல ஒரு கஷ்டமும் இல்லாம பேசிக்கீறே."

ஷாகிரா வாயைத் திறந்தாள். "அது நான் இல்லைங்க," என்றாள். 'இல்லைங்க'வில் காற்று இல்லை. ஆனாலும் குரல் மெலிந்து, யாரோ ஒரு வயதானவள் பேசியதுபோல் வந்தது. குலாம் முகம்மது அவளைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். அங்கே கோமளா மாமி சிரித்துக்கொண்டே யாருக்கோ காபி கலந்துகொண்டிருந்தாள். அவர் மறுபடி மனைவியின் பக்கம் திரும்பவில்லை. டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, தலையைச் சாய்த்து, இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தார்.